சீனியை நிறுத்தியாயிற்று, எடை ஏன் இறங்கவில்லை?

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறது என்று தெரிந்த முதல் வாரத்தில் நம் வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சீனி டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். இரவுச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி வரும். யாராவது ஒரு சித்தி பாகற்காய்ச் சாற்றின் மகிமையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போகிறவர்கள் தினையும் சாமையும் கிலோ கணக்கில் வாங்கி வருவார்கள். மூன்று மாதம் கழித்துப் பலதுறை மருந்தகத்தில் எடை பார்த்தால் பழைய எண்ணே நிற்கும். "எல்லாத்தையும் நிறுத்திட்டேனே டாக்டர்" என்று அவர் சொல்வது பொய்யில்லை. இனிப்பை நிறுத்தியிருக்கிறார். அளவில்தான் கை வைக்கவில்லை.

நீரிழிவு வந்தவர் பார்க்க வேண்டிய சாப்பாட்டுக் கணக்கு இரண்டு. ஒன்று சர்க்கரைக் கணக்கு: இப்போது சாப்பிட்டது அடுத்த இரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்பது. இன்னொன்று எடைக் கணக்கு: நாள் முழுக்க உள்ளே போன சக்தி எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பது. முதல் கணக்கில் மாட்டுவது சோறு, சீனி, மாவுப் பண்டங்கள். எண்ணெய், தேங்காய், நெய், முந்திரி ஆகியவை அந்தக் கணக்கில் பெரும்பாலும் தப்பித்துவிடும்; விரலில் குத்திப் பார்த்தாலும் உடனே காட்டிக்கொடுக்காது. எடைக் கணக்கில் முன்வரிசையில் நிற்பவை அவையேதான். நம்மில் பலர் முதல் கணக்கை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவது தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறோம்.

சிங்கப்பூர் இந்தியர்களுக்கு இது சும்மா பேசிவிட்டுப் போகிற விஷயமில்லை. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 17.2 விழுக்காடு. சுகாதார அமைச்சு 2016 ஏப்ரலில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. அடுத்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இதற்கென்றே நெடுநேரம் ஒதுக்கினார். அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு இந்த நோய் இருப்பதாக அவர் சொன்ன கணக்கு நம் வீடுகளில் சில நாள் பேச்சாக இருந்தது. அப்புறம் தீபாவளி வந்தது.

"நான் ஒன்னும் குண்டு இல்லையே!"

இந்தக் கேள்வியை நம்மவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பார்க்க ஒல்லி, சட்டை பழைய அளவுதான், வயிறு மட்டும் லேசாக முன்னால். இவருக்கு எதற்கு எடைக் குறைப்பு?

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் தங்கள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. உயரத்துக்கேற்ற எடை ஒன்றுதான். ஆனால் ஒருவர் உடம்பில் தசை கூடுதல், மற்றவர் உடம்பில் கொழுப்பு கூடுதல். தெற்காசிய உடலில் தசை குறைந்தும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு மிகுந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதனால்தான் சிங்கப்பூரில் பிஎம்ஐ எல்லை மேலை நாட்டு எல்லையைவிடக் கீழே இருக்கிறது. 23ஐத் தொட்டாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5 என்றால் ஆபத்து அதிகம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இது முறையே 62.6 கிலோ, 75 கிலோ. பெரும்பாலான மாமாக்கள் "நார்மல்தான்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் எடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இடுப்பளவு இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிடும்: எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. பேன்ட் அளவை வைத்து இதைப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் தொப்பை வந்தவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார்கள். டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டபின் பார்க்க வேண்டும்.

எடை குறைந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

"எடையைக் குறைங்க" என்ற அறிவுரை பல காலம் பொத்தாம்பொதுவாகவே சொல்லப்பட்டு வந்தது. அதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர். அவர் சொல்வது இதுதான். தேவைக்கு மேல் சாப்பிடும்போது தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது. அந்த இடம் ஒரு வீட்டின் ஸ்டோர் ரூம் மாதிரி. சிலருக்குப் பெரியது, நம்மில் பலருக்குச் சிறியது. அது நிரம்பியதும் சாமான் கூடத்துக்கு வருகிறது, அதாவது கொழுப்பு கல்லீரலில் சேர்கிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு ஒன்றுமே சாப்பிடாதவருக்கும் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறி நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கல்லீரலில் இருந்து வழிந்த கொழுப்பு கணையத்துக்கும் போய், இன்சுலின் சுரக்கும் செல்களை மந்தமாக்குகிறது.

2011இல் அவர் குழு 11 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே வாரத்தில் இயல்பு நிலைக்கு வந்தது. கணையம் மெல்ல மெல்லத் தேறியது. கணையத்திலிருந்து வெளியேற வேண்டிய கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஆனால் அந்த ஒரு கிராமை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. அது போக வேண்டுமென்றால் மொத்த உடலும் பல கிலோ இறங்க வேண்டும்.

அடுத்து 2017 டிசம்பரில் வந்த டைரெக்ட் ஆய்வு. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 306 பேர். நோய் தெரிந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி தரும் சூப்பும் ஷேக்கும் மட்டும், பிறகு படிப்படியாகச் சாதாரண உணவு. ஓராண்டில் இரண்டாவது பாதியில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தார்கள். எவ்வளவு எடை போனது என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும்: 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 விழுக்காடு, 10 முதல் 15 கிலோ குறைத்தவர்களில் 57, 5 முதல் 10 கிலோ குறைத்தவர்களில் 34, ஐந்து கிலோவுக்குள் நின்றவர்களில் வெறும் 7.

இதைப் படித்துவிட்டு நாளை முதல் 800 கலோரி என்று யாரும் தானாக இறங்கிவிடக் கூடாது. அந்த ஆய்வில் மருந்துகளை முதல் நாளே நிறுத்தி, மருத்துவக் குழு கூடவே இருந்து செய்தார்கள். கலந்துகொண்டவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையர்கள், பிஎம்ஐ 27க்கு மேல் உள்ளவர்கள். ஆரம்ப எடை குறைவாக உள்ள நம்மவருக்கு 15 கிலோ குறைக்க வேண்டியிருக்காது, முடியவும் முடியாது. எனக்கு இதில் பட்ட பாடம் வேறு: நோய் தெரிந்த முதல் சில ஆண்டுகள்தான் சாப்பாட்டளவுக்கு அதிகப் பலன் கிடைக்கும் காலம். "இப்ப மாத்திரையில கட்டுப்பாடாத்தானே இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது அந்த ஆண்டுகளைத்தான் தின்கிறது.

எண்கள்

சுகாதார மேம்பாட்டு வாரியம் சராசரி ஆணுக்கு நாளொன்றுக்கு 2,200 கலோரி, பெண்ணுக்கு 1,800 என்று வழிகாட்டுகிறது. இதிலிருந்து 500 குறைத்தால் ஆரம்பத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் இறங்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால் வரும் கணக்கு இது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. சாராயம் 7, அது தனிக்கதை.

எண்ணுவது எளிது, உண்மையாக எண்ணுவதுதான் கடினம். 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. "1,200 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவே மாட்டேன் என்கிறது" என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு அவர்கள் உண்மையில் சாப்பிட்டதை அளந்தார்கள். சொன்னதற்கும் சாப்பிட்டதற்கும் இருந்த வித்தியாசம் 47 விழுக்காடு. உடற்பயிற்சியையோ 51 விழுக்காடு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. கண்ணுக்கு அளவு தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நம் சமையலில் அது இன்னும் சிரமம். பாக்கெட்டில் வரும் ரொட்டிக்குப் பின்னால் கலோரி எழுதியிருக்கும். மாமியார் வைத்த வத்தக்குழம்புக்குப் பின்னால் எழுதியிருக்காது. அதனால் குழம்பை விட்டுவிட்டு எண்ணெய்ப் புட்டியைக் கணக்கில் எடுங்கள். சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் ஐந்து லிட்டர் எண்ணெய் ஒரு மாதத்தில் தீர்ந்தால் அது சுமார் 41,000 கலோரி, ஆளுக்கு நாளுக்கு 345. அதே வீடு மாதம் இரண்டு லிட்டரில் முடித்தால் ஆளுக்கு 140க்குள் வந்துவிடும். வித்தியாசம் நாளுக்கு 200 கலோரி, ஒருவரும் ஒரு பிடி சோறுகூடக் குறைக்காமலே. புட்டி திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே எழுதி வைப்பதைவிட எளிதான சாப்பாட்டுக் கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை. பொரித்து மீந்த எண்ணெயைக் கொட்டினால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

தேங்காய்க்கும் இதே கண்டிப்பு வேண்டும். துருவிய தேங்காய் 100 கிராம் 350 கலோரி அளவில் வரும். இட்லி நல்ல பிள்ளைதான், ஆவியில் வெந்தது. நான்கு இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கெட்டிச் சட்னி சில வீடுகளில் அந்த இட்லிகளையே எட்டிப்பிடித்துவிடும்.

இப்போது சப்பாத்திக்கு வருவோம். அரிசி, கோதுமை, கேழ்வரகு, தினை எதுவானாலும் சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரிக்குள் அடங்கிவிடும். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், பசி கொஞ்சம் தாங்கும், சர்க்கரை சற்று மெதுவாக ஏறலாம். இது சர்க்கரைக் கணக்கில் கிடைக்கும் லாபம். எடைக் கணக்கில் அரிசிக்கும் தினைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. 40 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தி எண்ணெய் தடவாமலே 140 கலோரி. மூன்று சப்பாத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி நெய் என்றால் 550. அவர் விட்டுவிட்டு வந்த சோறு 300 கிராம் இருந்திருந்தாலும் 390தான். மருத்துவர் சொன்னார் என்று சப்பாத்திக்கு மாறி எடை ஏறியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அதில் ஆச்சரியமே இல்லை.

எல்லை இல்லாத தட்டு

நம் சாப்பாட்டு முறையின் அழகும் ஆபத்தும் ஒன்றுதான்: முடிவு எங்கே என்று முன்கூட்டித் தெரியாது. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. சிராங்கூன் ரோட்டில் வாழையிலை போட்டால் பரிமாறுகிறவர் வாளியோடு வந்துகொண்டே இருப்பார். வீட்டிலும் அப்படித்தான். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா மாமா?" என்று மருமகள் கேட்பாள். "போதும்மா, போதும்" என்று கை நீளும், கரண்டி இறங்கும், இறங்கியதில் பாதி தட்டில் விழும். அந்தப் பாதிக் கரண்டி யார் கணக்கிலும் வராது.

ஒரு நாள் சமையலறைத் தராசை எடுத்து இதை நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசு விலை ஒன்றும் பெரிதில்லை. வெள்ளைச் சோறு 100 கிராம் 130 கலோரி, அதில் மாவுச்சத்து 28 கிராம். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் குவியல் பலருக்கு 300 கிராமைத் தாண்டும். மூன்று சுற்றுச் சாப்பிடுகிறவருக்கு 500, 600 வரை போகும். 600 கிராம் என்றால் சோறு மட்டுமே 780 கலோரி. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. தன் தட்டை வைத்து, தராசின் எண் ஏறுவதைத் தானே பார்ப்பது வேறு. முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தராசு பழுது என்றுதான் நினைப்பார்கள்.

ஆயுள் முழுக்க நிறுத்துச் சாப்பிடச் சொல்லவில்லை. இரண்டு வாரம் போதும் என்பது என் கருத்து. அதற்குள் தன் வீட்டு அகப்பை ஒன்றில் எவ்வளவு சோறு, தன் கிண்ணத்தில் எது வரை 150 கிராம் என்று கை பழகிவிடும். பிறகு அந்தக் கிண்ணத்தையே சோற்றுக்கென வைத்துக்கொள்ளலாம். முதலில் கிண்ணத்தில், பிறகு தட்டில். பானையிலிருந்து நேராகத் தட்டுக்கு வேண்டாம். மூன்று குழம்புச் சோறும் சாப்பிடலாம், அந்த ஒரு கிண்ணத்தை மூன்றாகப் பிரித்து. பானை மேசைக்கு வராமல் அடுப்பங்கரையிலேயே இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதில் வீட்டில் பரிமாறுகிறவர் கூட்டுச் சேராவிட்டால் எதுவும் நடக்காது. அன்பைக் காட்ட இன்னொரு கரண்டி ரசம் ஊற்றலாமே.

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தட்டு அளவு பலருக்குப் பழக்கமானது: 25 சென்டிமீட்டர் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பாகம் முழுத்தானியம், கால் பாகம் புரதம். நம் தட்டில் இதைப் பொருத்தும்போது இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது, காய் நமக்குத் தொட்டுக்கொள்ளத்தான். இரண்டு கரண்டிப் பொரியலைப் பாதித் தட்டாக்க வேண்டுமென்றால் சமைக்கும் காயையே இரண்டு மடங்காக்க வேண்டும், எண்ணெயை ஆக்காமல். உருளைக்கிழங்கு வறுவல் இதில் சேராது, அது சோற்றின் பங்கைத் தின்னும். இரண்டாவது, சைவர்களின் புரதம். சாம்பாரில் பருப்பு இருக்கிறது, சரி. ஆனால் ஒரு கரண்டிச் சாம்பாரில் மிதப்பது எவ்வளவு? பருப்பிலும் புரதத்தைவிட மாவுச்சத்துதான் அதிகம். இங்கே எந்த ஈரச்சந்தையிலும் கிடைக்கிற, சோயாவில் செய்த தாவ் குவா, தெம்பே இரண்டையும் நம் வீடுகள் இன்னும் கொஞ்சம் தாராளமாக உள்ளே விடலாம். தாவ் குவாவை மிளகுப் பொடி போட்டுப் பிரட்டினால் ரசத்துக்கு நன்றாகவே இருக்கிறது. முட்டை, தயிர், கொண்டைக்கடலைச் சுண்டலும் உண்டு. பொரித்த சைவ மட்டனை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் இருக்கிறது. காயையும் புரதத்தையும் முதலில் முடித்துவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று 2015இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. சோறு குறைவாகவே உள்ளே போவதும் கூடவே நடக்கும், ஏனென்றால் அதற்குள் வயிறு பாதி நிரம்பியிருக்கும்.

வெளியே சாப்பிடும்போது

தினமும் வீட்டில் சமைக்க எத்தனை பேருக்கு முடிகிறது? உணவங்காடி நிலையத்தில் கோழி பிரியாணி ஒரு தட்டு 800, 900 கலோரிக்குப் போகும். கோழிச் சோறு, மீ கோரெங் 600 பக்கம். வெறும் பிராட்டா ஒன்று 150 முதல் 200. யாரும் ஒன்றோடு எழுந்திருப்பதில்லை. கடைக்குக் கடை இது மாறும் என்பதால் எண்ணை மனப்பாடம் செய்வதைவிடச் சொல்லி வாங்கும் விதம் முக்கியம். "சோறு பாதி போடுங்கண்ணே, காய் கூட ஒன்னு வைங்க, கறி தனியா." கறி தனியாக என்பது சின்ன விஷயமாகத் தெரியும். சோற்றின் மேல் ஊற்றிய தேங்காய்ப்பால் கறியைத் திரும்ப எடுக்க முடியாது. தனிக் கிண்ணத்தில் வந்ததில் பாதியை மீதி வைக்கலாம். சில கடைக்காரர்கள் பாதிச் சோறு என்றதும் முகத்தைப் பார்ப்பார்கள். அதே காசு வாங்கிக்கொள்ளட்டும், பரவாயில்லை.

பானத்தில் சேமிப்பது எல்லாவற்றிலும் எளிது, ஏனென்றால் குடித்த கலோரி வயிற்றை நிரப்புவதில்லை. கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டியில் 65 கலோரி, சீனி 11 கிராம். தே தாரிக்கில் இரண்டு கரண்டி விழுந்தால் 130. நாளுக்கு மூன்று குவளை என்றால் 390. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் என்று கேட்டால் இதெல்லாம் பூஜ்யம். பால் இல்லாமல் முடியாது என்பவர் பால் மட்டும் சேர்த்த தே சி கொசோங் கேட்கலாம். வெறும் 'தே சி' என்றால் சீனி போட்டுத்தான் வரும். 'சியூ தாய்' சீனியைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேட் என்ற எழுத்துத் தர முறை வந்தது. கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கு அடுத்த ஆண்டு அதே நாளில். 100 மில்லி லிட்டரில் சீனி ஒரு கிராமுக்குள் என்றால் ஏ, ஐந்துக்குள் பி, பத்துக்குள் சி, அதற்கு மேல் டி. சிறு கடைகளுக்கு விலக்கு இருப்பதால் நம் சரபத் கடைக்காரர் எதையும் ஒட்டியிருக்க மாட்டார். இன்னொன்று: பி என்ற எழுத்து 100 மில்லிக்குத்தான். 500 மில்லி புட்டியை முழுதும் குடித்தால் பி தரப் பானத்திலும் 25 கிராம் சீனி வரை உள்ளே போகலாம்.

விடுதிகளில் தங்கி வேலை செய்யும் தம்பிகளின் நிலை வேறு. கேட்டரிங் பொட்டலத்தில் சோறு மலையாக இருக்கும், காய் பேருக்கு இருக்கும். கட்டுமானத்தில் வேலை செய்கிற உடம்புக்குக் கலோரியும் கூடுதலாக வேண்டும். அவர்களுக்குச் சோற்றை ஒரேயடியாக வெட்டச் சொல்வதைவிட, அவித்த முட்டை, வெள்ளரி, கேரட் என்று பொட்டலத்தோடு சேர்க்கச் சொல்வதும், வெயிலுக்கு இனிப்புப் பானத்தை விட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் நடக்கக்கூடியது.

மாத்திரை போடுகிறவர் சாப்பாட்டைக் குறைக்கும்போது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நிலைமை அப்படியில்லை. அவை சாப்பாடு வந்ததா என்று பார்ப்பதில்லை; தம் வேலையைச் செய்துவிடும். பழைய அளவு மருந்தும் பாதி அளவு சோறும் சேர்ந்தால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல் வரலாம். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதும் நீண்ட பட்டினி கிடப்பதும் ரத்தத்தில் அமிலம் கூடும் நிலைக்குக் கொண்டுபோகலாம்; அப்போது சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலே இருக்கக்கூடும்.

தைப்பூச விரதம், சஷ்டி, ரமலான் நோன்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விரதத்துக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் போய் மருந்தளவை மாற்றிக்கொள்வதுதான் முறை. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரோடு பதிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவரைப் பார்ப்பதைவிட, உங்கள் சாப்பாடும் மருந்தும் தெரிந்த ஒருவரிடமே இதைப் பேசுவது நல்லது.

நடைக்கு என்ன பங்கு?

அரை மணி நேர நடை 120, 150 கலோரி செலவழிக்கும், கிட்டத்தட்ட ஒரு வடை. நடந்து மட்டும் எடையைக் குறைக்கப் பார்ப்பவர்கள் சோர்ந்துபோவது இதனால்தான், அதிலும் நடை முடிந்ததும் கூட்டாளிகளோடு பிராட்டாக் கடையில் உட்கார்கிறவர்கள். ஆனால் சர்க்கரைக் கணக்கில் நடைக்கு மதிப்பு அதிகம்: சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் புளோக்கைச் சுற்றி வந்தாலே ஏற்றம் தணியும். தசைப் பயிற்சியும் வேண்டும். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், நமக்கோ தசை ஏற்கனவே குறைச்சல். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, அடுக்குமாடிப் படி ஏறுவது, புளோக்குக்குக் கீழே உள்ள உடற்பயிற்சிக் கருவிகள், எதுவானாலும் சரி.

நின்றுபோகும் இடம்

நான்கைந்து மாதத்தில் எடை இறங்குவது நின்றுபோகும். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். 80 கிலோ உடம்புக்குத் தேவைப்பட்ட கலோரி 73 கிலோ உடம்புக்குத் தேவைப்படாது. அத்தோடு உடல் தன் செலவையும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். முன்பு 500 குறைவாக இருந்த சாப்பாடு இப்போது ஏறக்குறைய சமமாகிவிட்டது. இதற்கிடையில் கிண்ணத்துக் கோடும் மெல்ல மேலேறியிருக்கும். தராசை மறுபடி எடுத்து ஒரு வாரம் நிறுத்துப் பார்க்க வேண்டிய நேரம் அது. ஏற்கனவே ஐந்து விழுக்காடு குறைந்திருந்தால் அதுவே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நல்ல லாபம். சில மாதம் அதே எடையில் நின்று பிறகு அடுத்த கட்டம் போவதிலும் தப்பில்லை.

குறைத்ததைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். டைரெக்ட் ஆய்விலேயே இரண்டாம் ஆண்டு முடிவில் 46 விழுக்காடு 36 ஆனது. ஐந்தாம் ஆண்டு வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 13 விழுக்காட்டினரே மருந்தில்லாமல் நின்றார்கள். எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. எண்கள் இயல்புக்கு வந்தபின் "குணமாயிடுச்சு" என்று மருந்தகத்துக்குப் போவதையே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து நின்றாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, கண் விழித்திரை, பாதம், சிறுநீரகச் சோதனைகள் தொடர வேண்டும். நீரிழிவு இருந்த காலத்தில் ரத்த நாளங்களுக்கு ஏற்பட்ட சேதம் அந்தச் சோதனைகளில்தான் தெரியவரும்.